புனித யோசேவ் வாஸ் அடிகளார்: சிறையிலும் தளராத செபம்



இப்பாடத்தில் வினா வரும்போது பலர் ஆண்டுகளையும் அற்புதங்களையும் மாத்திரம் எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அடிகளாரின் வாழ்வைத் தாங்கி நின்றது அவரது செபமே. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. இளமைக் காலம்

யோசேவ் வாஸ் 1651 ஏப்ரல் 21இல் கோவாவிலுள்ள பெனோலிம் என்ற ஊரில் பிறந்தார். 1676இல் குருவானார். 1677 ஓகஸ்ட் 5இல் தம்மை அன்னை மரியாளின் அடிமையாக எழுத்தில் ஒப்புக்கொடுத்தார்.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களை வெளியேற்றினர். இதை அறிந்த அடிகளார் இலங்கைக்கு வர விரும்பினார். ஆனால் 1681இல் அவர் கன்னட நாட்டுக்கே அனுப்பப்பட்டார். அவர் முறைப்படவில்லை, கொடுத்த பணியைச் செய்து காத்திருந்தார். பின்னர் கோவாவின் ஒரட்டோரியன் குருக்கள் குழுவில் சேர்ந்து, 1686இல் புறப்பட்டார்.

2. யாழ்ப்பாணத்தில்

1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கையை அடைந்தார். யாழ்ப்பாணத்தில் கடும் நோய்வாய்ப்பட்டார். குணமடைந்ததும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டு மனம் நெகிழ்ந்தவர்கள் மூலமே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் இரகசியமாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது புத்தளத்துக்குச் சென்றார்.

3. கண்டிச் சிறை

1692இல் கண்டிக்கு வந்தார். இன்று நீங்கள் காணும் கண்டி வாவி அன்று இல்லை. அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. ஆனால் மலைகள் சூழ்ந்த தலைநகர் இதுவே. போர்த்துக்கேய ஒற்றர் என்று அவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆட்சியில் அவர் சிறை வைக்கப்பட்டார்.

இங்கேதான் பாடத்தின் மையம் இருக்கிறது. அவரைத் தேடி மக்கள் வர முடியாது. அவரும் வெளியே செல்ல முடியாது. இத்தனை ஆண்டு உழைப்பும் வீண் என்று எண்ண எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ நாளைப் பகுத்துக்கொண்டு செபித்தார். எஞ்சிய நேரத்தில் சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்ததும் சிறு ஆலயக் குடில் ஒன்றை அமைத்தார்.

பின்னர் கண்டியில் கடும் வரட்சி ஏற்பட்டது. அடிகளார் திறந்தவெளியில் பீடம் அமைத்துச் செபித்தபோது மழை பெய்தது எனத் திருச்சபை மரபு கூறுகிறது. மன்னன் அவருக்குச் சுதந்திரமாகப் பணியாற்ற அனுமதி அளித்தான்.

4. நோயாளர் பணி

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளரை உறவினரே கைவிட்ட வேளையில், அடிகளார் மதபேதமின்றி அவர்களைப் பராமரித்தார்; இறந்தவர்களை அடக்கம் செய்தார். செபம் அவரை மனிதரிடமிருந்து விலக்கவில்லை, அவர்களிடமே கொண்டுசென்றது என்பதைக் கவனியுங்கள்.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் உதவிக்கு வந்தார். அவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவுக்குத் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார்.

5. நாம் கற்க வேண்டியவை

செபிக்க அமர்ந்ததும் உங்கள் மனம் பரீட்சைக்கோ கிரிக்கெட்டுக்கோ ஓடிவிடும். அதனால் செபத்தைக் கைவிட வேண்டாம். மனம் ஓடியதை உணர்ந்ததும் அமைதியாகத் திரும்பி வாருங்கள். பத்துத் தரம் ஓடினால் பத்துத் தரமும் திரும்புங்கள். நேரத்தையும் இடத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பலன் உடனே தெரியாவிட்டாலும் தொடருங்கள். இதுவே விடாமுயற்சி.

நினைவிற் கொள்க
• 1651 – பிறப்பு
• 1687 – இலங்கை வருகை
• 1692 – கண்டி வருகை, சிறைவாசம்
• 1711 – இறப்பு
• 1995 ஜனவரி 21 – முத்திப்பேறு பெற்றவராக அறிவிப்பு (திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கொழும்பு)
• 2015 ஜனவரி 14 – புனிதராக அறிவிப்பு (திருத்தந்தை பிரான்சிஸ், காலிமுகத்திடல்)

மாதிரி வினா

யோசேவ் வாஸ் அடிகளாரின் செப வாழ்வில் விடாமுயற்சி வெளிப்பட்ட மூன்று சந்தர்ப்பங்களை விளக்குக.

விடைக் குறிப்பு: இலங்கைக்கு வரக் காத்திருந்தமை, யாழ்ப்பாணத்தில் நோயும் தலைமறைவு வாழ்வும், கண்டிச் சிறை. ஒவ்வொன்றிலும் என்ன தடை, அவர் என்ன செய்தார் என இரண்டு வசனங்களாவது எழுதுங்கள். பெயரை மட்டும் குறிப்பிட்டால் முழுப் புள்ளி கிடைக்காது.