சர்க்கரையின் வழி கண்ட கெர்ட்டி கோரி அம்மையார்

மலருக்கு ஏதாவது எழுதுப்பா என்று சங்கத்தில் கேட்டதும், விடுதிக் கலாட்டாக்களை எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனால் கெமிக்கல் மூன்றாம் ஆண்டு என்சைம் பாடத்தில் நாம் ஒரே வரியில் தாண்டிப் போன கெர்ட்டி கோரி அம்மையார்தான் மனதில் வந்து நின்றார்.

1896-இல் பிராக் நகரில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்து, உடன் படித்த கார்ல் கோரியை 1920-இல் மணந்தார். 1922-இல் இருவரும் அமெரிக்காவில் குடியேறினார்கள். மனைவியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் கணவரின் முன்னேற்றம் கெட்டுவிடும் என்று அங்கே பலர் உபதேசம் செய்தார்கள். இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1931-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணவருக்குத் துறைத் தலைவர் நாற்காலி. சரிசமமாக உழைத்த அம்மையாருக்கோ ஆராய்ச்சி உதவியாளர் பதவி, சொற்பச் சம்பளம். கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் என்சைமைக் கண்டறிந்தது அந்தப் பதவியில் இருந்துகொண்டுதான். முழுப் பேராசிரியர் ஆனது 1947-இல். பதினாறு வருஷம்! அதே ஆண்டு கணவரோடும் ஹௌஸேயோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மருத்துவத்துக்கான நோபல் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டில்தான் தீராத எலும்பு மஜ்ஜை நோயும் தெரிய வந்தது.

அதோடு ஓய்ந்தாரா? 1952-இல் கணவரோடு இன்னொரு சாதனை. கல்லீரலில் உள்ள குளுகோஸில் பாஸ்பேட் ஒட்டியிருக்கும். குளுகோஸ்-6-பாஸ்படேஸ் என்ற என்சைம் அதைக் கழற்றினால்தான் குளுகோஸ் ரத்தத்துக்குப் போகும். வான் கீர்க்கெ நோயுள்ள குழந்தைகளுக்கு அந்த என்சைம் இல்லை என்று காட்டினார்கள். நம்ம பாஷையில் சொன்னால், குடோன் நிறையச் சரக்கு. கேட் பாஸ் மட்டும் இல்லை! கல்லீரல் வீங்கும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். பரம்பரை நோய் ஒன்றுக்கு ஒரு என்சைமின் குறையே காரணம் என்று அப்படித் தெளிவானது. 1957-இல் மறையும்வரை அம்மையார் ஆய்வகத்தை விடவில்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. என் மனைவியும் நம்ம செட்தான். என்சைம் பேப்பரில் அவள்தான் முதல் மார்க். நான் தப்பிப் பிழைத்தவன். எனக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டது அவள். அவள் விருப்பம் என்ன என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் எம்.டெக். சேர அவள் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இந்த முறை வீட்டைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தம்பிகளே, நீங்களாவது முதலிலேயே கேட்டுவிடுங்கள்.