பீட்ரிஸ் ஷில்லிங்

பீட்ரிஸ் ஷில்லிங் (மார்ச் 8, 1909 – நவம்பர் 18, 1990) ஒரு பிரித்தானிய வானூர்திப் பொறியியலாளரும் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய போர் வானூர்திகளின் எந்திரங்கள் செங்குத்துப் பாய்ச்சலின் தொடக்கத்தில் நின்றுபோகும் குறைபாட்டிற்கு, துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைக் கொண்டு இவர் தீர்வு கண்டார். எரிபொருள் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் இக்கருவி இவரது பெயராலேயே அறியப்படுகிறது.

இளமையும் கல்வியும்

ஷில்லிங் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உள்ள வாட்டர்லூவில் என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை இறைச்சிக் கடை நடத்தியவர். சிறு வயதிலேயே எந்திரங்களில் நாட்டம் கொண்டிருந்த இவர், 14ஆம் வயதில் ஒரு ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதன் எந்திரத்தைப் பிரித்துப் பூட்டப் பழகிக்கொண்டார்.

பள்ளிப் படிப்புக்குப் பின் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் பொறியியலாளர் நடத்திய மின் நிறுவனத்தில் தொழில் பயிலுநராகச் சேர்ந்தார். மின்னாக்கிகளைப் பொருத்துதல், கட்டடங்களுக்கு மின்கம்பி இழுத்தல் ஆகிய வேலைகளை அங்கு கற்றார். பார்ட்ரிட்ஜின் ஊக்கத்தால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1932இல் மின் பொறியியலில் இளநிலைப் பட்டமும், அடுத்த ஆண்டு இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் பொறியியல் பயின்ற பெண்கள் மிகச் சிலரே. பின்னர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் எந்திர ஆய்வு உதவியாளராகப் பணியாற்றினார்.

பந்தயத் தடத்தில்

1930களில் ஷில்லிங், நார்ட்டன் நிறுவனத்தின் 500 கன செ.மீ மோட்டார் சைக்கிளில் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் போட்டியிட்டார். வண்டியின் திறனைக் கூட்டும் மாற்றங்களைத் தாமே செய்துகொண்டார். பந்தயத்தின்போது மணிக்கு 100 மைலுக்கு (சுமார் 161 கி.மீ) மேற்பட்ட சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடிப்பவர்களுக்கு அங்கு தங்க நட்சத்திரச் சின்னம் வழங்கப்பட்டது. 1934இல் இச்சின்னத்தைப் பெற்ற ஷில்லிங், பின்னர் மணிக்கு 106 மைல் வேகத்தையும் எட்டினார். புரூக்லாண்ட்ஸில் இச்சின்னத்தைப் பெற்ற பெண்கள் மூவர் மட்டுமே.

ஃபார்ன்பரோவில் பணி

1936இல் ஃபார்ன்பரோவில் இருந்த அரச வானூர்தி ஆய்வு நிறுவனத்தில் ஷில்லிங் சேர்ந்தார். தொடக்கத்தில் எந்திரக் கையேடுகளை எழுதும் பணி இவருக்கு அளிக்கப்பட்டது. விரைவில் எந்திர ஆய்வுப் பிரிவுக்கு மாறி, கார்புரேட்டர்கள் குறித்த ஆய்வில் ஈடுபட்டார். அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் நெய்லரை 1938இல் மணந்தார். நெய்லரும் தங்க நட்சத்திரம் பெற்ற பிறகே மணக்க இசைந்தார் என்றொரு கதை இவரைப் பற்றி வழங்கி வருகிறது. நெய்லர் போர்க்காலத்தில் குண்டுவீச்சு வானூர்தி ஓட்டியாகப் பணியாற்றினார்.

மெர்லின் எந்திரத்தின் குறைபாடு

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகிய இரண்டிலும் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எந்திரமே பொருத்தப்பட்டிருந்தது. 1940இல் நடந்த வான் சண்டைகளில் செருமானிய மெசர்ஸ்மிட் பி.எஃப் 109 வானூர்தி ஆபத்து நேரும்போது மூக்கைச் சட்டெனத் தாழ்த்திக் கீழ்நோக்கிப் பாய்ந்து தப்பியது. அதே முறையில் பின்தொடர்ந்த பிரித்தானிய வானூர்திகளின் எந்திரங்கள் திணறின. சில வேளைகளில் நின்றும் போயின. எதிரி முன்னால் சென்றால் தப்பிவிடுவான். பின்னால் இருந்தாலோ எந்திரம் ஓயும் சில நொடிகள் விமானியின் உயிருக்கே உலை வைக்கக்கூடும். எனவே பிரித்தானிய விமானிகள் முதலில் வானூர்தியைப் புரட்டிவிட்டுப் பின்னரே பாய வேண்டியிருந்தது. இதில் நேரம் வீணானது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எரிபொருள் செலுத்தும் முறையாகும். பி.எஃப் 109இன் டெய்ம்லர்-பென்ஸ் எந்திரத்தில் எரிபொருள் நேரடியாக உருளைகளுக்குள் பீய்ச்சப்பட்டது. மெர்லினிலோ மிதவை வகைக் கார்புரேட்டர் இருந்தது. கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகும்போது காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்குவதால் கூடுதல் திறன் கிடைக்கிறது. இந்த நன்மைக்காகவே ரோல்ஸ்-ராய்ஸ் பொறியியலாளர்கள் அதனைத் தேர்ந்திருந்தனர்.

மிதவை வகைக் கார்புரேட்டர் புவியீர்ப்பை நம்பியே இயங்குவது. மிதவை அறையின் அடியில் எரிபொருள் தேங்கும். மட்டம் உயர்ந்தால் மிதவை மேலெழுந்து ஊசி வால்வை மூடும். வேகமாகச் செல்லும் பேருந்து மேடொன்றின் உச்சியைக் கடக்கையில் பயணிகள் இருக்கையிலிருந்து எழும்புவதைப் போல, வானூர்தி சட்டென மூக்கைத் தாழ்த்தும்போது அதிலுள்ள அனைத்தும் மேல்நோக்கித் தள்ளப்படும். இந்த எதிர் ஈர்ப்பு நிலையில் குறைபாடு இரு கட்டங்களாக ஏற்பட்டது:

1. அறையிலுள்ள எரிபொருள் மேற்பகுதிக்குச் செல்வதால் அடியிலுள்ள துளைகளுக்கு எரிபொருள் கிடைக்காது. எந்திரம் கணநேரம் திணறும்.

2. எதிர் ஈர்ப்பு நிலை நீடித்தால் மிதவை தலைகீழாக இயங்கி அடிப்பகுதிக்குச் சென்று ஊசி வால்வை முழுமையாகத் திறந்துவிடும். எந்திரத்தின் தேவையைவிட அதிகம் செலுத்தவல்ல எரிபொருள் பம்பு, கார்புரேட்டரை நிரப்பி வழியச் செய்யும். மிகுதியான எரிபொருளால் கரும்புகை வெளிப்பட்டு எந்திரம் ஓய்ந்துவிடும்.

இவற்றுள் இரண்டாவதே பேராபத்தானது. எரிபொருள் பற்றாக்குறையாகத் தொடங்கும் இக்கோளாறில் எந்திரத்தை உண்மையில் நிறுத்துவது எரிபொருள் மிகுதியே ஆகும்.

ஷில்லிங்கின் தீர்வு

கார்புரேட்டரை முழுமையாக மாற்றியமைக்கக் காலம் பிடிக்கும். அதுவரை வானூர்திகளைப் போர்முனையிலிருந்து விலக்கி வைக்கவும் இயலாது. ஷில்லிங் எரிபொருள் மிகுதியைத் தடுப்பதில் கவனம் செலுத்தினார். எந்திரம் முழுத் திறனில் இயங்கும்போது தேவைப்படும் எரிபொருளின் அளவைக் கணக்கிட்டு, அவ்வளவு மட்டுமே கடந்து செல்லும் வகையில் துளையிட்ட ஓர் உலோகத் தடுப்பை வடிவமைத்தார். கார்புரேட்டருக்கு முன்னுள்ள எரிபொருள் குழாயில் இது பொருத்தப்பட்டது. வால்வு முழுமையாகத் திறந்தாலும், எந்திரம் எரிக்கக்கூடிய அளவுக்கு மேல் எரிபொருள் உள்ளே வராது. முதலில் விரலுறை போன்ற வடிவில் இருந்த இக்கருவி, பின்னர் தட்டையான வாஷராக எளிமைப்படுத்தப்பட்டது.

வானூர்தியைப் பணியிலிருந்து விலக்காமலேயே இதனைப் பொருத்த முடிந்தது இதன் பெருஞ்சிறப்பாகும். 1941 மார்ச் மாதத்திற்குள் ஷில்லிங் ஒரு சிறு குழுவுடன் அரச வான்படையின் போர் வானூர்தித் தளங்களுக்குச் சென்று இக்கருவிகளைப் பொருத்தினார். விமானிகள் இதனை 'மிஸ் ஷில்லிங்ஸ் ஓரிஃபிஸ்' (செல்வி ஷில்லிங்கின் துளை) என்று வேடிக்கையாக அழைத்தனர்.

பிரித்தானியச் சமரில் வெற்றி பெற இக்கருவி உதவியதாகச் சிலர் கருதுவதுண்டு. ஆனால் அச்சமர் 1940 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதில் பங்கேற்ற விமானிகள் குறைபாட்டுடனேயே போரிட்டனர். மேலும் இது முழுமையான தீர்வும் அன்று. கணநேரத் திணறலை இது நீக்கவில்லை. நீண்ட நேரம் தலைகீழாகப் பறக்கவும் இதனால் இயலவில்லை. 1943இல் அழுத்த வகைக் கார்புரேட்டர்கள் பயன்பாட்டுக்கு வரும் வரை, எந்திரம் முற்றிலும் ஓய்ந்துபோகும் ஆபத்திலிருந்து விமானிகளைக் காத்ததே இதன் பணியாகும்.

பிற்காலம்

போருக்குப் பின்னும் ஷில்லிங் ஃபார்ன்பரோவிலேயே தொடர்ந்தார். புளூ ஸ்ட்ரீக் ஏவுகணைத் திட்டத்திலும், ஈரமான ஓடுபாதைகளில் வானூர்திகளின் பிரேக் செயற்பாடு குறித்த ஆய்விலும் பங்கேற்றார். கணவருடன் சேர்ந்து கார்ப் பந்தயங்களிலும் ஈடுபட்டார். 1967இல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னியின் ஃபார்முலா 1 காரில் எந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும் சிக்கலைத் தீர்க்க இவரது உதவி நாடப்பட்டது. 1969இல் பணி ஓய்வு பெற்றார். 1990இல் தமது 81ஆம் வயதில் காலமானார்.

சிறப்புகள்

ஷில்லிங்கிற்குப் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.ஈ விருது வழங்கப்பட்டது. சரே பல்கலைக்கழகம் 1969இல் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. மேத்யூ ஃபிராய்டன்பர்க் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 2003இல் வெளியானது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியின் ஒரு கட்டடத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.