மேசையின் இருபுறமும் அமர்ந்தவர்

என் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளில், டாக்டர் மூன்றே நிமிடத்தில் மாத்திரைச் சீட்டை நீட்டினார். என்ன சாப்பிடலாம் என்று கேட்க அப்பா வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்கள். அப்போதெல்லாம் எனக்கு ராபின் லாரன்ஸ் நினைவுக்கு வருவார்.

1892ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பயின்றபோது எலும்புத் துணுக்கு ஒன்று கண்ணில் தெறித்தது. கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப்போய், சிறுநீரில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்நாளில் அது மரண ஓலை, அரைப்பட்டினிதான் மருந்து. வீட்டார் கண்முன் சாக மனமின்றி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குப் போனார்.

1921ல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1923ல் பழைய சகா ஒருவர் செய்தி அனுப்ப, நடைப்பிணமாக லண்டன் திரும்பினார். மே மாதம் முதல் ஊசி. பிழைத்தார்.

தான் பிழைத்ததோடு அவர் நிற்கவில்லை. அதே மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவை வளர்த்தார். 1925ல், நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து படிக்கும்படி ஒரு நூல் எழுதினார். தன்னிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுடன் சேர்ந்து 1934ல் நீரிழிவாளர் சங்கம் தொடங்கினார். அதுதான் இன்றைய டயபடீஸ் யூகே. 1968ல் மறையும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊசியோடு வாழ்ந்தார்.

அப்பா கேட்க முடியாமல் போன கேள்விக்கு லாரன்ஸ் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர் அல்லவா!