கடலில் பிடிலோடு மிதந்த ஹாக்கி வீரர்

மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டு இருந்தது. அதன் பெயர் லேசோ காசில். எகிப்து நாட்டில் உள்ள அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் இருந்து புறப்பட்ட கப்பல் அது. உள்ளே பட்டாளத்துக்காரர்கள் நிறைந்து இருந்தார்கள்.

அது முதல் உலகப் போர்க் காலம். 1918-ம் ஆண்டு மே மாதம் 27-ந்தேதி. நள்ளிரவு கடந்து சிறிது நேரம்தான் ஆகி இருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பதுங்கி வந்து தாக்கியது. கப்பலின் வயிறு கிழிந்தது. கடல் நீர் பாய்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. சுமார் 100 பேர் மாண்டு போனார்கள்.

தப்பியவர்களில் ஓர் இளைஞர், கடலில் பல மணி நேரம் மிதந்து கொண்டு இருந்தார். உடம்பில் இரவு உடைதான். பெட்டி, சட்டை, பணம் எல்லாம் கப்பலோடு போய்விட்டன. ஒரே ஒரு பொருளை மட்டும் அவர் விடவில்லை. அது அவருடைய பிடில்!

ஜப்பானியப் போர்க் கப்பல் ஒன்று அவரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தது.

அந்த இளைஞர்தான் பிராங்க் பிரெடரிக்சன். அவர் பிடில் வித்வான் மட்டும் அல்ல. விமானம் ஓட்டுகிறவர். அதைவிடப் பெரிய பெயர் அவருக்கு ஹாக்கியில் உண்டு. கனடா நாட்டுக்கு ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்த கோஷ்டியின் தலைவர் அவர்.

அந்தக் கோஷ்டியின் பெயர் வினிபெக் பால்கன்ஸ். பால்கன் என்றால் வல்லூறு. அந்த வல்லூறுகளைச் சொந்த ஊர்க்காரர்களே கூட்டில் சேர்க்க மறுத்தார்கள் என்பதுதான் கதை.

பனி தேசத்துப் பிள்ளை

ஐரோப்பாவுக்கு வடமேற்கே கடலில் தனித்து இருப்பது ஐஸ்லாந்து தீவு. எரிமலைகள் நிறைந்த தீவு. 1875-ம் ஆண்டில் ஓர் எரிமலை வெடித்தது. மேய்ச்சல் நிலங்களைச் சாம்பல் மூடிற்று. ஆடுகளுக்குப் புல் இல்லை. மனிதருக்குப் பிழைப்பு இல்லை. அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பல் ஏறின. அவற்றில் பல, கனடாவின் நடுப்பகுதியில் உள்ள வினிபெக் நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறின.

அப்படி வந்த ஒரு குடும்பத்தில் 1895-ம் ஆண்டு ஜுன் மாதம் 11-ந்தேதி பிராங்க் பிறந்தார். வீட்டில் பேசியது ஐஸ்லாந்து மொழி. தெருவில் பேசியதும் அதுவே. ஆறு வயது வரை அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூடம் போனபோது மற்றப் பிள்ளைகள் அவரைக் கேலி செய்தார்கள்.

ஆனால் பனியில் சறுக்குவதற்கு இங்கிலீஷ் தேவை இல்லையே!

வினிபெக்கில் குளிர் காலம் மிகவும் கொடியது. ஆறும் குளமும் உறைந்து கல்லாகிவிடும். வீட்டுக் கொல்லையில் தண்ணீரை ஊற்றி வைத்தால், காலையில் அது ஆட்டக் களமாக மாறி இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் புல்தரையில் ஆடும் ஹாக்கியை, அங்கே பனிக்கட்டித் தரையில் ஆடுவார்கள். ஜோட்டின் அடியில் இரும்புத் தகடு இருக்கும். அதைக்கொண்டு அம்பு போலச் சறுக்கிச் செல்வார்கள். பந்துக்குப் பதில் ரப்பர் வில்லை. அதை மட்டையால் தள்ளிக்கொண்டு போய் கோல் போட வேண்டும்.

பிராங்க் பகலில் மட்டையும், மாலையில் பிடிலுமாக வளர்ந்தார். பிறகு கல்லூரியில் சேர்ந்தார்.

வினிபெக்கில் ஐஸ்லாந்து இளைஞர்களுக்கு முதலில் இரண்டு ஹாக்கி கோஷ்டிகள் இருந்தன. இரண்டுக்கும் ஓயாத போட்டி. வெளியாரை எதிர்க்க வேண்டுமானால் ஒன்றாகச் சேர்ந்தால்தான் முடியும் என்று கண்டுகொண்டார்கள். இரண்டும் இணைந்து பால்கன்ஸ் பிறந்தது. உலகப் போர் தொடங்குவதற்குள் பிராங்க் அதன் தலைவர் ஆகிவிட்டார்.

போர் அழைத்தது

1916-ம் ஆண்டில் பிராங்க் பட்டாளத்தில் சேர்ந்தார். பால்கன்ஸ் தோழர்களும் சேர்ந்தார்கள். எல்லோரும் 223-வது படைப்பிரிவில் ஒன்று கூடினார்கள். கடல் கடந்து போகும் முன்பு, படைப்பிரிவின் பெயரிலேயே ஹாக்கி ஆடினார்கள்.

பிராங்கின் மனம் விமானத்தில் லயித்தது. விமானப் படைக்கு மாறி எகிப்தில் பயிற்சி பெற்றார். பயிற்சி முடிந்து திரும்பும்போதுதான் லேசோ காசில் கப்பல் மூழ்கியது. அதற்குப் பிறகும் அவர் விமானத்தை விடவில்லை. ஸ்காட்லாந்தில் விமானங்களை ஓட்டிச் சோதிக்கும் வேலை பார்த்தார்.

போர் முடிந்தது. பால்கன்ஸ் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். இரண்டு பேர் மட்டும் திரும்பவில்லை. பிராங்க் தோர்ஸ்டைன்சன் ஒருவர். ஜார்ஜ் கம்பர்ஸ் மற்றொருவர். இருவரும் போரில் உயிர் இழந்தார்கள்.

சொந்த ஊரில் இடம் இல்லை

திரும்பி வந்தவர்களுக்கு ஊர் என்ன மரியாதை செய்தது?

வினிபெக் நகரின் பெரிய ஹாக்கி சங்கத்தில் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி பால்கன்ஸ் கேட்டது. சங்கம் மறுத்துவிட்டது. மற்றக் கோஷ்டிகளுக்கு ஈடு கொடுக்கும் அளவுக்குப் பால்கன்ஸுக்குத் திறமை போதாது என்று காரணம் சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் அது அல்ல என்பது ஆட்டக்காரர்களின் எண்ணம். தாங்கள் குடியேறிகளின் பிள்ளைகள், வசதி இல்லாதவர்கள் என்பதால்தான் கதவு அடைக்கப்பட்டது என்று அவர்கள் மனம் புழுங்கினார்கள். நாட்டுக்காகச் சாகலாம், நகரத்தாரோடு ஆடக்கூடாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவர்கள் சண்டைக்குப் போகவில்லை. பிராண்டன், செல்கிர்க் என்ற அண்டை ஊர்க் கோஷ்டிகளைச் சேர்த்துக்கொண்டு தனிப் போட்டி நடத்தினார்கள். அதில் பால்கன்ஸ் ஜெயித்தது.

பிறகு மாகாணத்தில் யார் முதல் என்று தீர்க்க வேண்டி வந்தது. ஒதுக்கிய சங்கத்தின் வெற்றிக் கோஷ்டியும், ஒதுக்கப்பட்ட பால்கன்ஸும் நேருக்கு நேர் மோதின. பால்கன்ஸ் அடித்த அடியில், திறமை போதாது என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது.

அடுத்தது கனடா முழுமைக்குமான ஆலன் கோப்பை. 1920-ம் ஆண்டு மார்ச் மாதம் டொரண்டோ நகரத்தில் இறுதி ஆட்டங்கள். எதிரி, டொரண்டோ பல்கலைக்கழகம். முதல் ஆட்டத்தில் 8-3. இரண்டாவது ஆட்டத்தில் 3-2. இரண்டிலும் பால்கன்ஸ் வெற்றி!

அந்த ஆண்டு பெல்ஜியம் நாட்டில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஒலிம்பிக் பந்தயம். பனிக்கட்டி ஹாக்கி அதில் முதல் தடவையாக இடம் பெற்றது. ஆலன் கோப்பையை ஜெயிக்கும் கோஷ்டியே கனடாவின் சார்பில் போவது என்று ஏற்பாடு.

கப்பலில் செய்த மட்டைகள்

வீட்டுக்குப் போய் விடைபெற்று வரக்கூட நேரம் இல்லை. டொரண்டோவில் இருந்தபடியே துணிமணி வாங்கிக்கொண்டு பயணப்பட்டார்கள். ஆட்டக்காரர்கள் எட்டே பேர். அந்தக் காலத்தில் களத்தில் ஏழு பேர் இறங்க வேண்டும். அப்படியானால் கையிருப்பு ஒரே ஒருவர்தான்! எட்டுப் பேரில் ஏழு பேர் ஐஸ்லாந்து வம்சத்தார். உட்மன் என்பவர் மட்டுமே வேறு.

கையோடு மட்டைக்கான மரமும் வாங்கி வந்தார்கள். மெலிட்டா என்ற அந்தக் கப்பலின் தச்சர், வழியிலேயே அவர்களுக்கு ஹாக்கி மட்டைகள் செய்து கொடுத்தார்.

ஏப்ரல் மாதக் கடைசியில் போட்டி நடந்தது. முதல் ஆட்டம் செக்கோஸ்லோவாகியாவுடன். கோல் கணக்கு 15-0. அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். பதினைந்தும் பால்கன்ஸ் போட்டவைதான்.

அடுத்து வந்த அமெரிக்கர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. முட்டி மோதினார்கள். பார்ப்பதற்கு ஆண்ட்வெர்ப் மக்கள் முண்டியடித்தார்கள். வெகு நேரம் கோலே விழவில்லை. கடைசியில் பிரெடரிக்சன் ஒரு கோல் போட்டார். பிறகு ஜோஹனசன் ஒன்று போட்டார். 2-0. உண்மையான இறுதி ஆட்டம் இதுதான் என்று பலரும் பேசிக்கொண்டார்கள்.

தங்கப் பதக்கத்துக்கான ஆட்டம் ஸ்வீடனுடன். 12-1 என்று அதிலும் பால்கன்ஸ் வென்றது. அந்த ஒரு கோலை, ஸ்வீடன்காரர்கள் மீது கொண்ட பிரியத்தால் தாங்களே விட்டுக்கொடுத்ததாகப் பின்னாளில் ஆட்டக்காரர்கள் சொல்வது உண்டு. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்துப் பிரெடரிக்சன் போட்ட கோல்கள் மட்டும் 12.

வினிபெக் நகரம் இப்போது கதவை அடைக்கவில்லை. மே மாதம் வீரர்கள் திரும்பியபோது ஊர்வலம் நடத்தியது. தெருவெல்லாம் ஜனக்கூட்டம். சில மாதங்களுக்கு முன்பு போட்டியில் சேர்க்க மறுத்த அதே ஊர்!

வல்லூறுகள் பறந்தன

அந்தக் கோடை காலத்திலேயே பிரெடரிக்சன் தம் முன்னோரின் நாடான ஐஸ்லாந்துக்குப் போய் விமானம் ஓட்டினார். விமானத்தையே அதிகம் பார்த்திராத நாடு அது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது.

அதற்குப் பிறகு அவர் சம்பளத்துக்கு ஆடும் ஹாக்கிக்கு வந்தார். விக்டோரியா நகரக் கோஷ்டி அவரை அழைத்துக்கொண்டது. பால்கன்ஸ் தோழர் ஹால்டர்சனும் அங்கே இருந்தார். 1925-ம் ஆண்டு அந்தக் கோஷ்டி, மாண்ட்ரீல் கனடியன்ஸைத் தோற்கடித்து ஸ்டான்லி கோப்பையை வென்றது. பிறகு டெட்ராய்ட், பாஸ்டன், பிட்ஸ்பர்க் என்று பிரெடரிக்சன் பல ஊர்களுக்கு ஆடினார். முழங்கால் காயம் அவரை வாட்டியது. 1931-ம் ஆண்டில் ஆட்டத்தை நிறுத்தினார்.

நல்ல ஆட்டக்காரர்கள் இப்படி வெளியூர் போய்விட்டதால் பால்கன்ஸ் தளர்ந்தது. 1921-ம் ஆண்டில் அதன் இளைஞர் கோஷ்டி கனடாவின் மெமோரியல் கோப்பையை வென்றது. பெரியவர்கள் கோஷ்டிக்குப் பழைய பொலிவு திரும்பவே இல்லை. காலப்போக்கில் அது கலைந்துபோயிற்று.

பிரெடரிக்சன் பயிற்சி கொடுக்கும் வேலையில் இறங்கினார். 1933-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஹாக்கி கோஷ்டிக்கு ஆசிரியர் ஆனார். அதே ஆண்டில் அதே ஊருக்கு விஞ்ஞானி ஐன்ஸ்டைனும் குடி வந்தார். ஐன்ஸ்டைனுக்கும் பிடில் என்றால் உயிர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

1958-ம் ஆண்டில் கனடாவின் ஹாக்கி புகழ் மண்டபத்தில் பிரெடரிக்சன் பெயர் சேர்க்கப்பட்டது. 1979-ம் ஆண்டில், 83-வது வயதில், வான்கூவர் நகரில் அவர் காலமானார்.

2004-ம் ஆண்டில் உலகக் கோப்பைப் போட்டிக்கு முன்னோடியாக ஓர் ஆட்டம் நடந்தது. கனடாவின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். அன்று அவர்கள் அணிந்திருந்தது மஞ்சளும் கறுப்பும் கலந்த பழைய மோஸ்தர்ச் சட்டை. 1920-ம் ஆண்டில் ஆண்ட்வெர்ப்பில் அந்த எட்டுப் பேரும் போட்டிருந்த பால்கன்ஸ் சட்டையைப் பார்த்துத் தைத்தது அது.