அம்புருவாஸ் பாரே

ஐரோப்பிய ரண வைத்தியத்தின் வரலாற்றில் அம்புருவாஸ் பாரே என்பாரின் பெயர் மறக்கற்பாலதன்று. இவர் ஏறக்குறைய 1510ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்து லாவால் என்னும் நகரையடுத்த சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் இலத்தீன் கற்ற வைத்தியப் புலவர் நூலை விரித்து மருந்து கூறுவர். கத்தி பிடித்து ரணத்தைத் தொடும் தொழில் பெரும்பாலும் நாவிதர்க்கே உரியதாயிருந்தது. நம் நாட்டிலும் நாவிதர் மருத்துவர் எனப் பெயர் பெற்றிருந்தமை ஈண்டு நினைக்கத் தக்கது. பாரே இலத்தீன் கல்லாதவர். நாவிதத் தொழில் பயின்றபின், பாரிஸ் நகரத்து ஓத்தெல் தியூ என்னும் பெரிய ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் நோயாளரிடையே பழகி, அவர்கள் உடலையே நூலாகக் கொண்டு கற்றார்.

பின்னர்ப் பிரெஞ்சுச் சேனை இத்தாலியின் வடபாலுள்ள பீட்மாண்டு நாட்டிற்குச் சென்றபோது, மொந்தெழான் என்னும் தளபதிக்கு வைத்தியராய் உடன் சென்றார். துப்பாக்கிக் குண்டு பட்ட புண்ணில் நஞ்சு ஏறுமென்றும், கொதிக்கும் எண்ணெயால் அதனைச் சுடுதல் வேண்டுமென்றும் வீகோ என்னும் ஆசிரியர் எழுதியிருந்தார். யாவரும் அதனையே பின்பற்றினர். 1537ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த ஒரு போரில் காயமுற்றோர் மிகுந்தமையால் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட்கரு, ரோஜாத் தைலம், டர்ப்பென்டைன் என்னும் மரப்பிசின் ஆகிய மூன்றையும் கலந்து, எஞ்சியோர்க்குப் பூசினார். சுடப்படாதோர் நஞ்சேறி மாண்டுவிடுவரோ என்னும் அச்சத்தால் அவ்விரவு அவர் உறங்கவில்லை. வைகறையில் எழுந்து சென்று பார்த்தார். தைலம் பூசப்பெற்றோர் வீக்கமும் மிக்க வலியுமின்றி இளைப்பாறியிருந்தனர்; சுடப்பட்டோரோ காய்ச்சலுற்று, புண் வீங்கித் துடித்தனர். இனி எவரையும் அவ்வாறு சுடுவதில்லையென்று அன்றே உறுதி பூண்டார்.

மொந்தெழானுடைய மடைப்பள்ளிச் சிறுவனொருவன் கொதியெண்ணெய்க் கொப்பரையில் விழுந்தபொழுது நிகழ்ந்தது இன்னும் வியக்கத்தக்கது. பாரே மருந்துக்கடைக்கு விரைந்தார். அங்கிருந்த நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருத்தி, பச்சை வெங்காயத்தைச் சிறிது உப்புடன் நசுக்கிப் பூசினாற் கொப்புளம் எழாதென்றாள். எழுத்தறியாக் கிழவியின் பேச்சென்று அவர் இகழ்ந்தாரல்லர். மறுநாள், வெங்காயம் பட்ட இடங்களிற் கொப்புளமில்லை. படாத இடங்களில் நிறைய இருந்தன.

அம்மட்டில் அவர் அமைந்துவிடவில்லை. வெடிமருந்து பற்றி முகமும் கைகளும் வெந்த ஜெர்மானியக் காவல்வீரனொருவன் வந்தபோது, முகத்தின் ஒரு பாதியில் வெங்காயமும் மறு பாதியில் வழக்கமான மருந்தும் இட்டார். வெங்காயமிட்ட பாதி கொப்புளமின்றி இருந்தது. முன்னையவற்றில் தற்செயலாக நேர்ந்த ஒப்புமையை, இங்குத் தாமே கருதி அமைத்தார்.

1545ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை, இலத்தீன் அறியாத தொழிலாளரும் கற்குமாறு, பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்டார். 1552ஆம் ஆண்டில் டாம்வில்லேர் முற்றுகையில், காலை அறுத்தபோது பழுக்கக் காய்ச்சிய இரும்பை விடுத்து, இரத்தக் குழாயை நூலாற் கட்டினார். 1575ஆம் ஆண்டில் இவர் நூல்களின் தொகுதி வெளிவருங்கால் பாரிஸ் வைத்தியக் கழகத்தார் எதிர்த்தனர். எனினும் அது வெளிவந்தது. அரசர் நால்வர்க்குப் பணிசெய்து, 1590ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்கை எய்தினார். நோயாளி பிழைத்த பெருமையை இவர் தமக்குரியதாக்காமல் கடவுளுக்கே உரியதாக்கியவர்.

வெந்த புண்ணிற்கு வெங்காயமிடுக என்பது இவர் வரலாற்றின் பயனன்று. இக்கால மருத்துவர் முதலிற் குளிர்ந்த ஓடுநீரையே விதிக்கின்றனர். ஒருவன் முகத்திற் செய்த சோதனை ஒன்றே போதிய சான்றாகாதென்பதும் அவர் துணிபு. ஆயினும், நம் பாட்டிமார் கூறும் பச்சிலைகளைக் கேட்கும் நாம், பழமையென்று போற்றவும் வேண்டா, பழமையென்று தள்ளவும் வேண்டா. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. அவ்வழியை ஒரு போர்க்களத்து நாவிதர் நமக்குக் காட்டிச் சென்றுள்ளார்.