யானைக்கு உரோமம் ஒட்டிய ஹாலிவுட்: சேலம் டி.ஆர்.சுந்தரமும் ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படமும்

பேட்மேன் என்றாலே ஜோக்கரும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். 1966 முதல் 1968 வரை அமெரிக்க டிவியில் ஓடிய பேட்மேன் தொடரில் ஜோக்கராக வந்தவர் சீசர் ரொமேரோ. மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, மீசை மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு நடித்த மனுஷன். அதே ரொமேரோ, 1952-ல் வந்த ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் இந்தியராக வேஷம் கட்டியிருக்கிறார். அந்தப் படத்தை அமெரிக்கர்களோடு சேர்ந்து தயாரித்தது நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்!

சேலத்து ஸ்டுடியோவுக்கும் ஹாலிவுட் விநோத ஜந்துக்களுக்கும் எப்படித் தொடர்பு வந்தது? அதைத் தெரிந்துகொள்ள, அந்த ஸ்டுடியோவைக் கட்டிய டி.ஆர்.சுந்தரத்தின் வாழ்க்கையில் இருந்து தொடங்க வேண்டும்.

யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் பிறந்தது 1907-ல். குடும்பத் தொழில் ஜவுளி. சேலத்தில் அம்மாபேட்டை, குகை போன்ற பகுதிகளில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்ட காலம் அது. நூல் விலை ஏறினால் தறிக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். நூலும் துணியும்தான் இந்த வட்டாரத்தின் பொருளாதாரமே.

அந்தத் தொழிலையே முறையாகக் கற்றுக்கொள்ள சுந்தரம் இங்கிலாந்துக்குப் போனார். லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். அங்கேயே கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். படிப்பை முடித்து ஊர் திரும்பியவர் மில் முதலாளி ஆவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் போனதோ சினிமாவுக்கு.

சேலத்தில் எதற்கு ஸ்டுடியோ?

1930-களின் தொடக்கத்தில் தமிழ்ப் பேசும்படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஸ்டுடியோ வசதி வேண்டுமென்றால் நடிகர், பாடகர், வாத்தியக்காரர் என்று மொத்தக் கூட்டத்தையும் ரயிலேற்றி கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு, வாடகை என்று பணம் தண்ணீராக ஓடும்.

ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழிலுக்குள் வந்த சுந்தரம் இதை நேரிலேயே பார்த்தார். சொந்தமாக ஒரு இடம் வேண்டும் என்று முடிவு செய்து, 1930-களின் நடுவில் சேலத்தில், ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937-ல் முதல் படம் ‘சதி அகல்யா’ வந்தது. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ இங்கிருந்து வெளிவந்தது. 1940-ல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ ஹிட் அடித்தது.

ஜவுளி படித்தவரின் கணக்கு சினிமாவிலும் தெரிந்தது. மில் மாதிரியே ஸ்டுடியோவையும் நடத்தினார். மாதச் சம்பளக்காரர்கள், நேரத்துக்கு ஷூட்டிங், எல்லா வேலைக்கும் ஒரே வளாகம். ஊழியர்களுக்கு அவர் ‘முதலாளி’. கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தாலும், வேலை தடைபடாமல் நடந்தது. மொத்தத்தில் நூறு படங்களுக்கு மேல் தயாரித்த நிறுவனம் அது.

அந்தப் பக்கம் அமெரிக்காவில் என்ன நடந்தது?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க வீடுகளுக்குள் டிவி நுழைந்தது. தியேட்டரில் கூட்டம் குறைந்தது. அதிகம் அடிவாங்கியவை சின்ன பட்ஜெட் கம்பெனிகள். வீட்டில் இலவசமாகப் பார்க்க முடியாத எதையாவது காட்டினால்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்ற நிலைமை.

அதே நேரத்தில் மக்கள் மனதில் இன்னொரு பயமும் உட்கார்ந்திருந்தது. 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி மீது விழுந்த அணுகுண்டு. 1949-ல் சோவியத் யூனியனும் அணுகுண்டு சோதனை செய்துவிட்டது. இந்தப் பயத்தைத்தான் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள் கதையாக்கின. ராபர்ட் லிப்பெர்ட் என்ற தயாரிப்பாளரின் கம்பெனி 1950-ல் ‘ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்’ எடுத்தது. நிலாவுக்குக் கிளம்பிய ராக்கெட் வழிதவறிச் செவ்வாயில் இறங்குகிறது. அங்கே அணு ஆயுதப் போரில் அழிந்துபோன ஒரு நாகரிகம்! அடுத்த வருஷம் ‘லாஸ்ட் கான்டினென்ட்’. காணாமல் போன ராக்கெட்டைத் தேடிப் போகிறவர்கள் டைனோசர்களிடம் மாட்டுகிறார்கள். இதில் நாயகன் சீசர் ரொமேரோ.

லிப்பெர்ட் அடிப்படையில் தியேட்டர் முதலாளி. குறைந்த செலவில் எடுத்து, வேகமாகப் போட்டுக் காசு பார்ப்பது அவர் வழி. எந்த டிவியைப் பார்த்து சினிமாக்காரர்கள் பயந்தார்களோ, அந்த டிவிக்கே தன் படங்களை விற்று, நடிகர் சங்கத்தோடு மோதியவரும் அவரே. அந்த லிப்பெர்ட் கம்பெனி அடுத்து வெளியிட்ட படங்களில் ஒன்றுதான், சேலம் சம்பந்தப்பட்ட ‘தி ஜங்கிள்’.

மாமூத் எங்கிருந்து வந்தது?

மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அமெரிக்கத் தொடர்பு புதிது இல்லை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன், இங்கே ‘மந்திரி குமாரி’யை இயக்கியவர். அவர் பாதியில் ஊருக்குக் கிளம்ப, மீதியை முடித்து 1950-ல் வெளியிட்டவர் சுந்தரம். ‘தி ஜங்கிள்’ தயாரிப்பிலும் டங்கனுக்குப் பங்கு உண்டு. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரான், மேரி வின்ட்ஸர், ரொமேரோ ஆகியோரோடு நம்ம ஊர் எம்.என்.நம்பியாரும் நடித்தார். தமிழில் இதற்குப் பெயர் ‘காடு’.

கதை இதுதான். ஓர் இந்திய சமஸ்தானம். காட்டு யானைகள் மிரண்டு ஓடி ஊர்களை மிதிக்கின்றன. காரணம் தேடிப் போன குழுவில் ஒரு அமெரிக்க வேட்டைக்காரர் மட்டும் உயிரோடு திரும்புகிறார். யானைகளை விரட்டியது மாமூத் என்கிறார். பனியுகத்தோடு அழிந்ததாக நினைத்த, உடம்பெல்லாம் உரோமம் கொண்ட யானை இனம். யாரும் நம்பவில்லை. இளவரசி தலைமையில் இன்னொரு குழு காட்டுக்குள் போகிறது.

கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில் மாமூத்துக்கு எங்கே போவது? நிஜ யானைகளுக்கு உரோமம் ஒட்டி நடக்கவிட்டார்கள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அறிவியல்படி ரொம்பத் தப்பான தேர்வு என்று சொல்லிவிட முடியாது. உயிரோடு இருக்கும் விலங்குகளில் மாமூத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் ஆசிய யானைதான். ஆப்பிரிக்க யானைகூட அதற்கு அடுத்துதான். கடைசி மாமூத்துகள் ஆர்க்டிக்கில் உள்ள ரேங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்திருக்கின்றன. எகிப்தில் பிரமிடு கட்டி முடித்த பிறகும் அங்கே மாமூத் இருந்திருக்கிறது!

படத்தில் இருந்த இந்தியா, நிஜ இந்தியா

மாமூத்தைவிடப் பெரிய கற்பனை இந்தப் படத்தில் ஒன்று உண்டு. அதுதான் அதில் வரும் இந்தியா.

படம் வந்த 1952-ல் சமஸ்தானங்கள் எங்கே இருந்தன? 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களில் கிட்டத்தட்ட எல்லாமே அதற்குள் இந்தியாவோடு இணைந்துவிட்டன. ராஜாக்கள் மன்னர் மானியம் வாங்கிக்கொண்டு ஓய்ந்துவிட்டார்கள். 1951 அக்டோபரில் இருந்து 1952 பிப்ரவரி வரை நாடு முழுக்க முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அம்மாபேட்டை நெசவாளியும் அவர் மனைவியும் ஓட்டுச்சாவடிக்குப் போக உரிமை பெற்ற தேர்தல் அது. ஆனால் அமெரிக்கத் திரையில் இந்தியா இன்னும் இளவரசியும் சிப்பாயும் வெள்ளைக்கார வேட்டைக்காரரும் உள்ள இடமாகவே இருந்தது. கியூபா வம்சாவளி அமெரிக்கரான ரொமேரோ அங்கே ராமா சிங் ஆகிவிட்டார்.

இதே சுந்தரம் அந்த வருஷங்களில் தமிழ் ரசிகர்களுக்குக் காட்டிய ராஜாக்கள் வேற மாதிரி. மு.கருணாநிதி எழுதி எம்.ஜி.ஆர் நடித்த ‘மந்திரி குமாரி’யில், ராஜகுருவின் பிடியில் சிக்கிய பலவீனமான மன்னர் வருகிறார். ராஜகுருவின் மகனே கொள்ளைக்காரன். 1951-ல் வந்த ‘சர்வாதிகாரி’யில் ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்யும் அமைச்சராக நம்பியார் மிரட்டினார். இரண்டும் ராஜா காலத்துக் கதைதான். ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தன் காலத்து அரசியல் என்று நன்றாகவே புரிந்தது.

ஒரே முதலாளி. வெளிநாட்டுக்குப் போனது அவர்கள் எதிர்பார்த்த சமஸ்தானம். உள்ளூருக்கு வந்தது ராஜாவைக் கேள்வி கேட்கும் வசனம். இதில் சுந்தரத்தைக் கொள்கைவாதி என்றும் சொல்ல முடியாது, காசுக்காக நாட்டை விற்றவர் என்றும் சொல்ல முடியாது. எந்தச் சந்தைக்கு எந்தத் துணி போகும் என்று தெரிந்த ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை அவர். ஆனால் ஒன்று முக்கியம். அமெரிக்கக் கம்பெனி வந்தபோது இடம் வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை, தயாரிப்பாளராகவே உட்கார்ந்தார். சொந்த ஸ்டுடியோ இருந்ததால்தான் அது முடிந்தது.

அதற்குப் பிறகு?

1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ என்று சுந்தரம் புதுசு புதுசாக முயற்சி செய்துகொண்டே இருந்தார். 1963-ல் காலமானார். அதே வருஷம், வேறு கம்பெனி தயாரிப்பில் எம்.ஜி.ஆர் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுகிரகவாசிகள் வந்து நாயகியைத் தூக்கிப் போனார்கள். தமிழ் சினிமாவும் விண்வெளிக்குப் போய்விட்டது.

ரொமேரோவின் ஜோக்கர் டிவிக்கு வந்தபோது சுந்தரம் உயிரோடு இல்லை. சென்னைக்கே டிவி வந்தது 1975-ல்தான். லிப்பெர்ட்டின் ராக்கெட் படமும் டைனோசர் படமும் 1990-ல் ‘மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000’ என்ற அமெரிக்க டிவி தொடரில் கிண்டலுக்கு ஆளாகி, புதுத் தலைமுறையிடம் பிரபலமாயின. கிண்டல் செய்வதற்காகவாவது அந்தப் படங்களை அங்கே யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

சேலத்தில் சுந்தரத்தின் மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கர் படங்கள் மூலம் சில காலம் தாக்குப்பிடித்தார். சினிமா மொத்தமும் சென்னைக்குப் போய்விட, 1980-களின் தொடக்கத்தோடு தயாரிப்பு நின்றது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள். ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியாக மலைக்குப் போகிறவர்கள் நின்று போட்டோ எடுக்கிறார்கள். கருணாநிதி, எம்.ஜி.ஆர் பெயர்கள் எல்லோருக்கும் தெரிகிறது. அதே கம்பெனியின் கணக்கில் ஒரு மாமூத் படமும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.