மருந்தாகிய மருத்துவர்

மைக்கேல் பாலின்ற் என்னும் பெயர் நம் வாசகர் பலருக்குப் புதிதாயிருத்தல் கூடும். குடும்ப வைத்தியரிடையே அது பெரும்பெயர். அவர் 1896 டிசெம்பர் 3 ஆம் நாள் புடாபெஸ்ற் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் அந்நகரிற் குடும்ப வைத்தியர். பேர்க்ஸ்மன் என்ற குடிப்பெயரை இளமையிலே நீக்கிப் பாலின்ற் எனச் சூடிக்கொண்டார் மைந்தர். தந்தையார் அதனை விரும்பினாரல்லர். தந்தையின் பெயரைத் துறந்தவர், தந்தையின் தொழிலைச் செய்வோர்க்கே பின்னர் ஆசானாயினர்.

மருத்துவம் பயின்று, பேர்லினில் உயிரிரசாயன ஆய்வும் செய்து மீண்டவர், பெரென்சி என்னும் உளப்பகுப்பாளரிடம் மாணவரானார். 1930களிற் புடாபெஸ்றிலேயே குடும்ப வைத்தியர்க்கு உளமருத்துவம் பயிற்றத் தொடங்கினார். பொலிஸார் கூட்டந்தோறும் வந்திருந்து, பேசியவை யாவற்றையும் எழுதிக்கொண்டனர். காவலன் செவிமடுத்திருக்க, நோயாளியின் அந்தரங்கத்தை எவ்வைத்தியர் வாய்திறந்து சொல்வார்? முயற்சி நின்றது. 1939 இல் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகரிற் குடியேறினார். அவ்வாண்டே மனைவியார் அலிஸ் காலமானார். 1945 இல், நாஜிகள் கையிற் சிறைப்படுமுன் பெற்றோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்ற செய்தியும் வந்தது.

இத்துணைத் துயருற்றவர், பிறர் துயரைக் கேட்கும் வித்தையை மீண்டும் கற்பிக்கத் துணிந்தமையே எனக்கு வியப்பு. 1950 இல் இலண்டன் ரவிஸ்ரொக் நிலையத்தில், பின்னர் அவர் மனைவியான ஈனிட் அம்மையாருடன், குடும்ப வைத்தியர் சிலரை வாரந்தோறும் கூட்டினார். விரிவுரை இல்லை. ஒருவர் குறிப்பேடு பாராது தம் நோயாளி ஒருவரைப்பற்றிச் சொல்வார். நோயாளி வைத்தியருள்ளத்தில் எழுப்பிய சினம், சலிப்பு, இரக்கம் யாவற்றையும் ஏனையோர் ஆராய்வர். 1957 இல் வெளிவந்த நூலில், வைத்தியர் மிகுதியாக வழங்கும் மருந்து வைத்தியரேயென்றும், அம்மருந்தின் அளவும் தீய விளைவும் எந்நூலிலும் எழுதப்படவில்லையென்றும் உணர்த்தினார். வள்ளுவர் மருத்துவனையும் மருந்தையும் வேறுவேறாக எண்ணினார். இவரோ இரண்டையும் ஒன்றாக்கினார்.

அக்காலத்தில் உறக்க மருந்துகளும், 1960 இன்பின் மனக்கலக்கந் தணிக்கும் புதுக்குளிசைகளும் பெருவழக்காயின. பார்வையின்றி, பேச்சின்றி, ஒரே துண்டை மீளமீள எழுதும் வழக்கத்தைத் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1970 இல் நூலாக்கினார். நீண்டகாலம் தொடரும் அத்தகைய குளிசை நோய்க்கு மருந்தன்று, வைத்தியரும் நோயாளியும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. நோயறியும் முயற்சி நின்றுபோன இடத்தில் துண்டு தொடங்குகிறது என்பது அதன் கருத்து. குளிசையைச் சட்டென நிறுத்துவதும் அவருக்கு விடையன்று.

இதனைப் படித்தபோது யான் நாணினேன். மனைவியை இழந்த ஆண்டில் நித்திரையின்றி ஒரு வைத்தியரிடம் சென்றேன். அவர் தலைநிமிராது எழுதித் தந்தார். ஈராண்டு அதே துண்டு. ஏன் நித்திரை வரவில்லையென்று அவர் கேட்டாரல்லர், யானும் சொன்னேனல்லேன். பிழை இருவரதுமே.

நேரமில்லையே என்பார்க்கும் பாலின்ற் குழுவினர் விடை தேடினர். சாதாரணச் சந்திப்பின் ஆறு நிமிடத்துள்ளே நோயாளியை உணர்ந்துகொள்வது எங்ஙனம் என்பதே அவர்தம் இறுதி ஆய்வு. அது முற்றுப்பெறுமுன், 1970 டிசெம்பர் 31 இல் பாலின்ற் மறைந்தார். ஈனிட் அம்மையாரும் தோழர்களும் அதனை முடித்து 1973 இல் நூலாக வெளியிட்டனர்.